வைத்தியரிடம் கூட்டிச் சொன்னது

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள்: நான். என் மனைவி. மகன். மருமகள். நாலு வயதுப் பேத்தி. சாம்பல் நிற வேட்டை நாய் ஒன்று. பொலிஸ்காரர் ஒருவர், ஐம்பது வயது இருக்கும். பொலிஸ்காரி ஒருத்தி, மகனைவிட இளையவள்.

நோர்வேயில், லில்லெஸ்ட்ரோமில் மகனுடைய வீடு. ஆகஸ்ட் மாதம், செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. பாலர் பாடசாலை அன்று பூட்டு. பேத்தியைப் பார்க்க நானும் மனைவியும் ஒஸ்லோவில் எல்லிங்ஸ்ருட்டில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து வந்திருந்தோம். மருமகள் கம்பியூட்டர் வேலைக்காரி, வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தாள். மகன் ரயில்வேயில் மின்சார வேலை. அன்று அவனுக்குப் பின்னேரம்தான் வேலை.

மணி அடித்தது. மகன் கதவைத் திறந்தான். பொலிஸ்காரர் இருவரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சப்பாத்தோடு உள்ளே வந்தார்கள்.

துவக்குகளை எடுத்துப்போக வந்திருப்பதாகச் சொன்னார்கள். நாங்கள் துவக்கு என்போம். மருமகள் தமிழ்நாட்டுக்காரி, துப்பாக்கி என்பாள். மகனிடம் மூன்று இருந்தன. எல்க் மான் சுட ஒன்று, காட்டுப் பறவை சுட ஒன்று, இலக்குப் பழக ஒன்று. மூன்றுக்கும் அனுமதி அட்டை இருந்தது. மூன்றும் நிலக்கீழ் அறையில் இரும்பு அலுமாரிக்குள் சட்டப்படி பூட்டி இருந்தன.

மகன் எதிர்த்துப் பேசவில்லை. அலுமாரித் திறப்பை எடுத்துக் கொடுத்தான். தானே இறங்கிப் போய்த் திறந்துவிடவா என்று கேட்டான். வேண்டாம், இங்கேயே இருங்கள் என்றாள் பொலிஸ்காரி. மரியாதையாகத்தான் சொன்னாள். அவன் குசினிக் கதிரையில் உட்கார்ந்தான். இரண்டு கையையும் மேசைக்கு மேல் வைத்தான். வைக்கும்படி யாரும் சொல்லவில்லை.

மருமகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேலே போனாள். பொலிஸ்காரர் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து துணிப் பையில் வைத்தார். தோட்டாப் பெட்டிகளையும் எடுத்தார். அனுமதி அட்டைகளை மகன் பணப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். ரசீது எழுதினார்கள். கையெழுத்துப் போட்டான்.

ஏன் என்று அப்போதுதான் கேட்டான். வைத்தியரிடமிருந்து அறிவித்தல் வந்தது, விபரம் கடிதத்தில் வரும் என்றாள் அவள். வைத்தியரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லையே என்றான். விபரம் கடிதத்தில் வரும் என்று திரும்பவும் சொன்னாள்.

நான் சுவரோடு நின்றேன். எனக்கு விளங்கிவிட்டது. 

மகன் இந்த நாட்டில் பிறந்தவன். பத்தொன்பது வயதில் கட்டாய இராணுவச் சேவைக்குப் போனான். அது முடிந்தபிறகும் தானாகவே நின்றான். ஆப்கானிஸ்தானுக்கு இரண்டு முறை போய் வந்தான். நான் துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு வந்தவன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. இந்த நாட்டின் வடக்கே மீன் வெட்டினேன். பிறகு ஒஸ்லோவில் பஸ் கழுவினேன். என் பிள்ளை துவக்குத் தூக்கினான். நான் மறிக்கவில்லை. அவனுடைய நாடு.

இரண்டாம் முறை வந்தபிறகு அவனுக்கு நித்திரை இல்லை. கதவு அடித்துச் சாத்தினால் நிலத்தில் விழுந்து படுப்பான். அவனோடு போன இருவர் திரும்பி வரவில்லை. அதற்கு மேல் அவன் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை.

அவனோடு சேவை செய்த ஒரு நோர்வேக்காரன்தான் அவனை வேட்டைக் குழுவுக்குக் கூட்டிப்போனான். லில்லெஸ்ட்ரோமிலிருந்து ஒரு மணித்தியாலம் தள்ளி, காடு. அதற்குச் சோதனை எழுதிப் பாஸ் பண்ணினான். எல்க் சுடுகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் பயிற்சிக்கு முப்பது முறையும் பிறகு சோதனைக்கு ஐந்து முறையும் சுட்டுக் காட்டவேண்டும். ஒரு வருடமும் அவன் தவறியதில்லை.

ஒருமுறை என்னையும் கூட்டிப்போனான். விடிந்ததிலிருந்து மத்தியானம் வரை இருவரும் ஒரு மரக்கட்டையில் இருந்தோம். ஒரு சொல் பேசவில்லை. எல்க் வரவில்லை. மத்தியானம் எல்லோரும் நெருப்பைச் சுற்றிக் கூடினார்கள். குழுத் தலைவர் ஒரு கிழவர், முன்னாள் விவசாயி. உங்கள் மகன் ஒரு நாளைக்கு மூன்று சொல்தான் பேசுவான், எங்களுக்குக் கவலையாக இருந்தது, உங்களைப் பார்த்தபிறகுதான் அவன் ஒரு வாயாடி என்று தெரிகிறது என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் ஓம் என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

சாப்பிட்டபிறகு மகன் மரக்கிளைகளைப் பரப்பி அதன்மேல் படுத்தான். நித்திரையாகிவிட்டான். வாய் திறந்திருந்தது. நாய் அவன் வயிற்றில் தலையை வைத்துக்கொண்டு கிடந்தது. ஒரு மணித்தியாலம் அப்படிக் கிடந்தான். ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தபிறகு, பதினொரு வருடமாக அவன் நித்திரை கொண்டு நான் கண்டதில்லை. வேட்டைக் காலத்தில் வீட்டிலும் இப்படித்தான் தூங்குவார் என்று பிறகு மருமகள் சொன்னாள். அந்தக் கிழமைகள் மட்டும்தான், அவள் வாரங்கள் என்பாள். துவக்கு இல்லாவிட்டால் அவனுக்கு அந்தக் கிழமைகளும் இல்லை.

எங்கள் குடும்பம் முழுவதற்கும் ஒரே வைத்தியர்தான். முப்பது வருடமாக அவர்தான். மகனை மனநல சிகிச்சைக்கு எடுக்கும்படி சிகிச்சை நிலையத்துக்கு இரண்டு முறை எழுதினார். இரண்டு முறையும் கடுமை போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவனிடம் கேட்டால் பரவாயில்லை என்பான். வைத்தியரிடமும் அதைத்தான் சொல்வான். அவர் அதைத்தானே எழுதமுடியும்.

ஒஸ்லோவில் ரொம்மன் பக்கம் ஓர் அண்ணை இருக்கிறார். எங்கள் ஆட்களுக்குக் காலம் காலமாகப் படிவம் நிரப்பிக் கொடுப்பவர். அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னை ஏசினார்.

"பெடியன் கந்தோரிலை போய்ச் சிரிச்சுக்கொண்டு நிண்டால் எவன் எழுதுவான்? நீ போய்ச் சொல்லு. கொஞ்சம் கூட்டிச் சொல்லு. அவங்கள் எப்பிடியும் குறைச்சுத்தான் எழுதுவாங்கள்."

அது எனக்குப் புதிதில்லை. அகதியாக வந்து முதலில் விசாரித்தபோது, என்ன நடந்தது என்று கேட்டார்கள். வீடு எரிந்தது, வந்தேன் என்றேன். நிராகரித்துவிட்டார்கள். இரண்டாம் முறை, எல்லாவற்றையும் சொல்லு, பக்கத்து வீட்டுக்காரனுக்கு நடந்ததையும் உனக்கு நடந்ததாகச் சொல்லு என்று ஆட்கள் சொல்லிக்கொடுத்தார்கள். சொன்னேன். ஏற்றுக்கொண்டார்கள். பஸ் கழுவி முதுகு போனபோதும் அப்படித்தான். நிமிர்ந்து நடந்து போனேன், வேலைக்கு அனுப்பினார்கள். குனிந்து போனேன், ஓய்வூதியம் தந்தார்கள். முதுகு இரண்டு நாளும் ஒரே அளவுதான் நொந்தது. இந்த நாட்டுக் கந்தோர்களைப் பற்றி நான் படித்தது இவ்வளவுதான். எங்கள் ஆட்கள் எல்லோரும் படித்தது இதுதான்.

ஜூன் மாதம் இரத்த அழுத்தம் பார்க்கப் போனேன். பார்த்து முடிந்ததும் மகனைப் பற்றிக் கதைக்கவேண்டும் என்றேன். அவனைப் பற்றித் தன்னால் எனக்கு ஒன்றும் சொல்ல இயலாது, ஆனால் நான் சொல்வதைக் கேட்கலாம் என்றார்.

மூன்று விஷயம் சொன்னேன். நித்திரை இல்லை என்றேன். அது உண்மை. சத்தம் கேட்டால் நிலத்தில் விழுவான் என்றேன். அதுவும் உண்மை. துவக்கை மடியில் வைத்துக்கொண்டு குசினியில் இருக்கிறான் என்றேன்.

அது பொய். ஒரு சனிக்கிழமை பகல், குசினி மேசையில் பேப்பரை விரித்து, எண்ணெய் போட்டுத் துவக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். வேட்டைக்காரர் எல்லோரும் செய்வது. ரேடியோவில் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. நான் கண்டது அவ்வளவுதான்.

வைத்தியர் கம்பியூட்டரில் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எத்தனை முறை என்று கேட்டார். அடிக்கடி என்றேன். தோட்டா போட்டிருந்ததா என்றார். தெரியாது என்றேன். சாவதைப் பற்றிக் கதைக்கிறானா என்றார். இல்லை என்றேன். பிறகு நிறைய நேரம் எழுதினார். முப்பது வருடத்தில் அவர் அவ்வளவு எழுதி நான் கண்டதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கை கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"உண்மையாவோ மடியிலை வச்சிருந்தவன்?"

"இல்லை. மேசையிலை."

"பிறகு?"

"மேசை எண்டால் எழுத மாட்டாங்கள்."

அவள் வெங்காயத்தை உரித்து முடித்தாள்.

ஜூலையில் வைத்தியர் மகனைக் கூப்பிட்டிருக்கிறார். சுகம் வரும்வரை துவக்குகளை நீயாகவே பொலிசில் ஒப்படை என்று கேட்டிருக்கிறார். யார் என்ன சொன்னது என்று அவர் சொல்லவில்லை. தனக்குக் கவலையாக இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருக்கிறார். மகன் மாட்டேன் என்றிருக்கிறான். அப்படி மறுத்தால் வைத்தியர் பொலிசுக்கு எழுதியே ஆகவேண்டும். அது சட்டம். வேட்டைக்காரருக்கு எல்லாம் அது தெரியும். எனக்குத் தெரியாது. வைத்தியரிடம் சொல்வது வைத்தியரோடு நிற்கும் என்று நினைத்திருந்தேன்.

பொலிஸ் வந்துபோய்ப் பத்து நாளில் கடிதம் வந்தது. மகன் அதை எடுத்துக்கொண்டு எல்லிங்ஸ்ருட்டுக்குத் தனியாக வந்தான். சப்பாத்தைக் கழற்றினான். உட்காரவில்லை.

"நெருங்கிய உறவினர் எண்டு போட்டிருக்கு. ஆர் அப்பா?"

"நான்."

"மடியிலை வச்சிருந்தது எண்டு சொன்னனீங்களோ?"

"ஓம்."

"கண்டனீங்களோ?"

"இல்லை."

"பிறகேன் சொன்னனீங்கள்?"

"சைக்கோலோக் உன்னைச் சிகிச்சைக்கு எடுக்கவேணும் எண்டு."

அவன் கடிதத்தை மடித்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து இன்னொரு கடிதத்தை எடுத்தான். சிகிச்சைக்கு நாள் குறித்து வந்த கடிதம். அதே கிழமை வந்தது.

"எடுத்திட்டாங்கள். நீங்கள் கேட்டது கிடைச்சிட்டுது அப்பா."

இரண்டையும் மேசையில் வைத்துவிட்டுச் சப்பாத்தைப் போட்டான். மனைவி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். பசிக்கவில்லை என்றான்.

நான் போய்ப் பொலிசில் உண்மையைச் சொல்கிறேன் என்று மருமகளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவள் நாள் கேட்டு எடுத்தாள். அவளுக்கு இந்த நாட்டு வாகன உரிமம் இன்னும் கிடைக்கவில்லை. ஆகவே மகன்தான் காரை ஓட்டினான். வழியில் அவள் எனக்குப் பாடம் சொன்னாள்.

"மாமா, நடந்ததை மட்டும் சொல்லுங்க. ஒண்ணும் சேர்க்காதீங்க. குறைக்கவும் வேணாம். என்ன கேக்குறாங்களோ அதுக்கு மட்டும் ஆன்சர். சரியா?"

ஓம் என்றேன். மகன் கண்ணாடியில் ஒருமுறை என்னைப் பார்த்தான். வாசலில் எங்களை இறக்கிவிட்டான்.

உள்ளே இருந்தவள் வயதான பொலிஸ்காரி. கோப்பி தந்தாள். நான் வைத்தியரிடம் பொய் சொன்னேன் என்றேன். ஏன் என்று கேட்டாள். சொன்னேன். அகதி விசாரணையையும் முதுகையும்கூடச் சொன்னேன். அவள் தலையாட்டினாள். அவளுக்கு விளங்கியது என்றுதான் நினைக்கிறேன். பிறகு கேட்டாள். மகன் உங்களை வரச் சொன்னானா? இல்லை. நீங்கள் வந்தது அவனுக்குத் தெரியுமா? தெரியும். எப்படி வந்தீர்கள்? காரில். யார் ஓட்டியது? மகன். இப்போது எங்கே இருக்கிறான்? வெளியே, காரில்.

மருமகள் தனக்கு உரிமம் இல்லை என்று இடையில் அவசரத்தில் ஆங்கிலத்தில் சொன்னாள். அதையும் பொலிஸ்காரி எழுதினாள். எல்லாவற்றையும் எழுதினாள். அன்று நான் ஒன்றும் கூட்டவில்லை.

செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை குழுத் தலைவர் மகனிடம் வந்தார். நானும் அங்கே இருந்தேன். துவக்கு வேண்டாம், நாயைக் கொண்டு வா, நாயைக் கூட்டிப் போகிறவன்தான் பாதி வேட்டை என்றார். மகன் நன்றி சொன்னான். பிறகு நாயின் பட்டியையும் கயிற்றையும் தீன் மூட்டையையும் கொண்டுவந்து அவருடைய வண்டியில் ஏற்றினான். நாயையும் ஏற்றினான். கையில் துவக்கு இல்லாமல் மற்றவர்கள் நடுவில் நிற்க அவனால் முடியாது. சொல்லவில்லை, எனக்குத் தெரிந்தது. கிழவர் கொஞ்ச நேரம் முற்றத்தில் என்னோடு நின்றார். இளமையில் அவர் லெபனானில் ஐ.நா. படையில் சிப்பாயாக நின்றவராம்.

"எனக்கும் நித்திரை இல்லை. நாற்பது வருடமாக வைத்தியரிடம் முழங்காலைப் பற்றி மட்டும்தான் கதைக்கிறேன்" என்றார்.

அதைச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். நாய் பின்கண்ணாடியால் பார்த்துக்கொண்டு போனது. மகன் அதற்கு முதலே உள்ளே போய்விட்டான்.

பொலிசின் முடிவு ஒக்டோபரில் வந்தது. வேட்டை அப்போது பாதி முடிந்திருந்தது. மருமகள் வாசித்து எனக்குத் தமிழில் சொன்னாள். ஓரிடத்தில் நின்றாள். தனக்குள் இரண்டு தரம் வாசித்தாள். என்ன என்று கேட்டேன்.

"நீங்க போய்ச் சொன்னதை ஏத்துக்கலை மாமா. அவர்தான் கூட்டிட்டு வந்து வெளியில காத்திருந்தார்னு போட்டிருக்கு. குடும்பத்து மேல பிரஷர் இருக்கலாமாம்."

அனுமதி மூன்றும் ரத்து. என் பொய்யால் வந்தது ஒரு பக்கம் இருக்க, என் உண்மையாலும் ஒரு வரி சேர்ந்துவிட்டது. தகப்பனை மிரட்டுகிற மகன் என்று இப்போது கோப்பில் இருக்கிறது.

வைத்தியரிடம் போனேன். நான் சொன்னதை அழித்துவிடும்படி கேட்டேன். எழுதியதை அழிக்க அவருக்கு அனுமதி இல்லையாம். பொய் என்று நான் இப்போது சொல்வதைக் கீழே சேர்க்கலாமாம். சேர்த்தார். அவருடைய முகமும் நன்றாக இருக்கவில்லை. ஒரு வழிதான் இருக்கிறது என்றார். மகன் சிகிச்சைக்குப் போகட்டும், ஒரு வருடம் போய் அவர்கள் நல்லபடி எழுதினால் பொலிஸ் திரும்பவும் பார்க்கக்கூடும் என்றார்.

நான் நேரே சொன்னால் அவன் கேட்கமாட்டான். மனைவியைக் கொண்டு சொல்லுவித்தேன். பக்கத்து அறையில் இருந்து கேட்டேன்.

"அம்மா, நித்திரை இல்லையெண்டு சொன்னால் அது பொலிசுக்குப் போகும். நித்திரை வருது எண்டு சொன்னால் ஏன் வந்தனீ எண்டு கேப்பாங்கள். நான் அங்கை போய் என்னத்தைக் கதைக்கிறது?"

  குறித்த நாளில் அவன் போகவில்லை, பிறகு குறித்த நாட்களிலும் போகவில்லை.

மேன்முறையீடு எழுதவேண்டி வந்தது. ரொம்மன் அண்ணை தானே எழுதித் தருவதாகச் சொன்னார். மருமகள் கும்பிட்டு மறுத்துவிட்டாள். அவர் எழுதினா இன்னும் ரெண்டு மூணு சேர்த்துடுவார் மாமா என்றாள். அவளே எழுதினாள். ஆறு பக்கம். நல்ல நோர்வேஜிய மொழி என்று மகன்கூடச் சொன்னானாம். மார்ச்சில் பதில் வந்தது. முடிவில் மாற்றமில்லை. துவக்குகளை விற்கத் தவணை கொடுத்திருந்தார்கள். ஒரு கடைக்காரர் எடுத்துக்கொண்டார். மகன் கையெழுத்துப் போட்டான். பறவை சுடும் துவக்கு அவன் ரயில்வே வேலையின் முதல் சம்பளத்தில் வாங்கியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பமாக வருகிறார்கள். சாப்பிடுகிறான். தாயோடு கதைக்கிறான். என்னோடு கோபம் என்று சொல்லமுடியாது. நான் கேட்டால் ஓம் என்பான், இல்லை என்பான். முந்தியும் அவன் கூடக் கதைத்தவனில்லை. ஆனால் முந்தி என் முகத்தைப் பார்ப்பான்.

இரவில் அவன் மாடிப்படியில் இருக்கிறான் என்று மருமகள் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். விளக்குப் போடுவதில்லை. கூப்பிட்டால் வருவதில்லை. முந்தி வருடத்தில் சில கிழமையாவது தூங்கினார், இப்போது அதுவும் போச்சு என்றாளாம். இதை வைத்தியரிடம் யாரும் சொல்லவில்லை. மருமகள் சொல்லமாட்டாள். மனைவி சொல்லமாட்டாள். போன கிழமை இரத்த அழுத்தம் பார்க்கப் போனேன். மகன் எப்படி என்று வைத்தியரே கேட்டார். பரவாயில்லை என்றேன்.

இந்த ஞாயிறு மருமகள் தொலைபேசியில் ஒரு கடிதத்தின் படம் காட்டினாள். சிகிச்சை நிலையத்திலிருந்து வந்தது. மூன்று முறை வரவில்லை, ஆகவே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம் என்று இருந்தது. திரும்பவும் வேண்டுமானால் வைத்தியர் புதிதாக எழுதவேண்டும். அதற்குக் கீழே, எழுதினால் எவ்வளவு காலம் காத்திருக்கவேண்டும் என்று இருந்தது.

இருபத்தாறு கிழமை.